சாமப் பூசையில் நாம் எங்கே உட்கார்ந்தோம்?



டிசம்பர் பிறந்தாலே நம் வாசிப்பு வட்டங்களில் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது. 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டன. இப்படிப்பட்ட நாளில் புதுத்துணி உடுத்திக்கொண்டு கோவிலுக்குப் போவதா என்று சிலர் கேட்கிறார்கள். சாதி பார்க்கிற சபைக்கு நாம் ஏன் போக வேண்டும் என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள்.

இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது. கோவிலுக்குப் போவது பக்தி சார்ந்த, போராட்டத்துக்குச் சம்பந்தமில்லாத காரியம் என்ற எண்ணம் அது. தமிழ் நாட்டுத் தலித் கிறிஸ்தவர்களின் வரலாறு வேறு கதை சொல்கிறது. நம் முன்னோர்களுக்குக் கோவிலுக்குள் போய் உட்கார்வதே ஒரு உரிமைக் கோரிக்கையாக இருந்தது. நம் மக்கள் கூட்டமாகப் போய், "எங்களை ஏன் தனியாக வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்ட மிகப் பழைய பதிவுகளில் ஒன்று ஒரு கிறிஸ்தவக் கோவிலில் நடந்தது.

ஏன் கிறிஸ்துமஸை வைத்துப் பேசுகிறேன்? சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி ஊர் வேலைக்குப் போயிருக்கும். சென்னையிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிற பிள்ளைகள் ஊர் திரும்புகிற இரவு கிறிஸ்துமஸ் இரவுதான். கத்தோலிக்கக் கோவில்களில் சாமப் பூசை, சீர்திருத்தச் சபைகளில் விடியற்காலை ஆராதனை என்று கூட்டம் நிரம்பி வழியும். இடம் குறைவாக இருக்கும்போதுதான் யார் எங்கே உட்கார்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும். பாலன் இயேசு சுரூபத்தைக் குடிலுக்குத் தூக்கிக்கொண்டு போவது யார், முத்தி செய்ய முதலில் நிற்கிற வரிசை எது, கேரல்ஸ் குழு எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்று கவனித்தால் போதும். அந்த ஊரின் சமூக வரைபடம் ஒரே இரவில் கையில் கிடைத்துவிடும்.

கதவு திறந்தது, இடம் பிரிந்தது

1606-இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு கோவில் இருந்தது. பரதவர்களும் போர்ச்சுகீசியரும் வழிபட்ட கோவில் அது. உயர்சாதியினரை ஈர்க்க வேண்டுமென்றால் அந்தக் கோவிலோடு சேர்ந்திருக்கக் கூடாது என்று நொபிலி முடிவெடுத்தார். சந்நியாசிக் கோலம் பூண்டார், தனிக் கோவில் கட்டினார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றுக்கு 1623-இல் போப்பாண்டவரின் அனுமதியும் கிடைத்தது. ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் போவதற்கு 1640-இலிருந்து 'பண்டாரசாமிகள்' என்று வேறு வகைக் குருக்கள் அமர்த்தப்பட்டார்கள். ஆண்டவர் ஒருவராகவே இருந்தார், அவரிடம் அழைத்துப் போகிறவர்கள் இரண்டு வகையானார்கள்.

1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் காலத்து லுத்தரன் சபையும் இதிலிருந்து பெரிதாக மாறுபடவில்லை. ஒரே கூரைக்குக் கீழ் வழிபட்டார்கள். ஆனால் வெள்ளாளருக்கு ஒரு இடம், பறையருக்கு வேறு இடம். இந்தச் சபையில் நாம் நினைவில் வைக்க வேண்டிய பெயர் ராசநாயக்கன். தஞ்சை அரசரின் படையில் இருந்த பறையர் அவர். லுத்தரன் சபைக்கு வந்து உபதேசியாராகத் தஞ்சைப் பகுதியில் பல சபைகளை வளர்த்தெடுத்தார். அவருடைய உழைப்பை மிஷனரிகளே மெச்சினார்கள். குருப்பட்டம் என்ற பேச்சு வந்தபோது மட்டும் அவர் ஒதுக்கப்பட்டார். ஒரு பறையர் கையிலிருந்து திருவிருந்தை வாங்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்பதே காரணம். 1741-இல் குருப்பட்டம் வேறொருவருக்குப் போனது. ராசநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

இப்படி இருந்தும் நம் மக்கள் ஏன் போனார்கள்? வேதமாணிக்கத்தின் கதை இதற்குப் பதில் சொல்கிறது. அன்றைய திருவிதாங்கூரில் இருந்த, இன்று குமரி மாவட்டத்தில் உள்ள மயிலாடியில் சாம்பவர் குடும்பத்தில் பிறந்த மகாராசன், 1799 வாக்கில் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். தேடிப் போனது அங்கே கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவர்களாக இருந்த உறவினர் வீட்டில் தங்கினார், அவர்களோடு கோவிலுக்குப் போனார், ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். மிஷனரி ரிங்கல்தௌபே தெற்கே வரக் காரணமாக இருந்தவரும் அவர்தான். 1809-இல் மயிலாடியில் கோவில் எழுந்தது. தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் ஒரு சாம்பவரின் அழைப்பில்தான் தொடங்கியது. பாடப்புத்தகங்கள் வழக்கமாக இதை மிஷனரியின் வருகையிலிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

தஞ்சாவூர்க் கோவிலிலும் அப்போது சாதிவாரியாகத்தான் இருக்கை. ஆனாலும் சிதம்பரத்துக்கும் தஞ்சாவூருக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. இங்கே உள்ளே போக முடிந்தது. உள்ளே போய்விட்ட மனிதர் அடுத்து, "நான் ஏன் இந்தப் பக்கம்?" என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கான தர்க்கம் அவர் கையில் கொடுக்கப்பட்ட வேதப் புத்தகத்திலேயே இருந்தது.

1745, புதுச்சேரி

அந்தக் கேள்வியைக் கேட்டவர்களைப் பற்றி, கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஆளுநர் தூப்ளேயின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபர் மாதப் பதிவு அது.

புதுச்சேரி சம்பா கோவிலின் உள்ளே வடபக்கத்தில் ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். பூசையின்போது சுவருக்கு ஒரு பக்கம் பறையர், மறு பக்கம் சாதிக் கிறிஸ்தவர். காரைக்காலிலிருந்து வந்த ஒரு சாமியார் இதைப் பார்த்துத் தவறு என்று பேசியிருக்கிறார். இதைக் கேள்விப்பட்ட சேரி மக்கள் கூட்டமாகத் திரண்டு பெரிய சாமியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் பிள்ளைகள் என்றால் எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சுவர் என்று முறையிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம் என்று ஒப்புக்கொண்ட பெரிய சாமியார் சுவரை இடிக்கச் சொன்னார், எல்லோரும் கலந்து உட்காரலாம் என்றார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். விவகாரம் ஆளுநர் வரைக்கும் போயிற்று.

இதைப் பேசும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1744-இல், போப் பதினான்காம் பெனடிக்ட் இதே மிஷனின் வழக்கங்களைப் பற்றி ஓர் ஆணை பிறப்பித்திருந்தார். நோயில் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் குருக்கள் போக மறுக்கும் பழக்கம் ரோம் வரை பிரச்சினையாகியிருந்தது. ஆக, மேலே ஆணை இருந்தது, வெளியூர்ச் சாமியாரின் கண்டனமும் இருந்தது. ஆனால் சேரி திரண்டு போய்க் கேட்ட பிறகே சுவர் விழுந்தது. வைக்கம் போராட்டத்துக்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் நடந்த சம்பவம் இது. திரண்டு போனவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. நம் போராட்ட வரலாற்றின் காலவரிசையில் அவர்களுக்கு ஓர் இடம் உண்டு.

ஒரே கிண்ணம்

அடுத்த நூற்றாண்டில் சண்டை சீர்திருத்தச் சபைகளுக்குள் வெடித்தது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாதியை உடனடியாக, முழுமையாக விட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது சபைகளில் நிலைமை என்னவாக இருந்தது? தனித்தனிப் பக்கங்களில் உட்கார்ந்தார்கள். திருவிருந்துக்குத் தனித்தனி நேரத்தில் வந்தார்கள். ஒரு காலத்தில் கிண்ணமே தனியாக இருந்தது. கல்லறைத் தோட்டத்திலும் பிரிவு இருந்தது.

சுற்றறிக்கை வாசிக்கப்பட்டபோது சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் எழுந்து வெளியே போனார்கள். பின்னாட்களில் அப்படிப் பிரிந்தவர்களில் பலருக்குப் புகலிடம் கிடைத்தது லைப்சிக் மிஷனில். சாதியை 'சமூக வழக்கம்' என்று சொல்லிப் பொறுத்துப்போன மிஷன் அது.

அந்த எதிர்ப்புக்கு எழுத்து வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய அதே கவிஞர். கிறிஸ்துமஸ் என்றாலே அவர் பெயர் நினைவுக்கு வராத தமிழ்ச் சபை குறைவு. அவர்தான் 1829-இல், சாதியைத் திருத்தப் புறப்படுவது பைத்தியக்காரத்தனம் என்று வாதிட்டு எழுதினார். அவருடைய குறைகளில் நியாயமானதும் இருந்தது. புதிய மிஷனரிகள் தமிழ்ப் பாட்டையும் தமிழ் வழக்கங்களையும் மதிக்கவில்லை என்பது அவர் குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஆனால் அதே மூச்சில் தனி இருக்கையையும் 'நம் வழக்கம்' என்ற மூட்டைக்குள் சேர்த்துக் கட்டிவிட்டார். சமூகவியல் படிக்கிற தோழர்கள் இந்த உத்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். 'பண்பாடு' என்ற சொல்லுக்குள் பாட்டையும் சாதியையும் ஒன்றாக வைத்து, இரண்டில் ஒன்றைத் தொட்டால் இரண்டையும் தொட்டதாகக் கூச்சலிடுவது இன்றும் நடக்கிறது.

இதற்குப் பதில் நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து மதுரை அரசரடியிலிருந்து வந்தது. தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, நாம் 'பரட்டை' என்று அறிந்தவர், கிராமிய இசையில் வழிபாட்டையே அமைத்தார். தீட்டு என்று சொல்லி வெளியே நிறுத்தப்பட்ட பறை வழிபாட்டுக்குள் ஒலித்தது. பாட்டை எடுத்துக்கொண்டு சாதியை விட்டுவிட முடியும் என்று அவர் செய்து காட்டினார்.

கால்சட்டைக் கோவிலும் கல்லறைச் சுவரும்

நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட கோவிலுக்கு உள்ளேயே இரண்டு கூடங்கள் இருந்தன. பீடத்தில் சேர்ந்து, கீழே இரண்டு காலாகப் பிரிந்து நிற்கும் அமைப்பு. அதனால் 'கால்சட்டைக் கோவில்' என்று பெயர் வாங்கியது. வெள்ளாளருக்கும் நாடாருக்கும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பூசை காண வழி செய்த கட்டடக்கலை. 1910-இல் பங்குக்குரு கௌசானல் நடுச்சுவரை இடித்தார். வெள்ளாளர் வழக்குப் போட்டு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். தனி இடத்துக்கான அவர்களுடைய உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் சுவர் வேறு வகை. தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளையும் சாதிக் கிறிஸ்தவர்களின் கல்லறைகளையும் அது பிரிக்கிறது. அதை இடிக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் போராட்டம் நடந்து வருகிறது. உயிரோடு இருந்தபோது ஒரே கோவிலில் சாமப் பூசை பார்த்தவர்களைச் செத்த பிறகு ஒரு சுவர் பிரிக்கிறது.

இதையெல்லாம் பழைய கதை என்று சொல்கிறவர்களுக்கு எறையூரை நினைவுபடுத்துங்கள். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில் தனி இருக்கை, சவ ஊர்வலத்துக்குப் பொதுத்தெரு மறுப்பு ஆகியவற்றை எதிர்த்த தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. கலவரத்தில் காவல்துறை சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் இறந்தார்கள். சாதிக்காக இரண்டு பக்கமும் கொடுத்த விலை அது.

1928-29-இல் சைமன் கமிஷனிடம் தென்னிந்தியத் தலித் கிறிஸ்தவர்கள் மனுக் கொடுத்தார்கள். மதம் மாறுவதற்கு முன் எப்படி இருந்தோமோ அப்படியே தீண்டத்தகாதவர்களாக இருக்கிறோம் என்பது அதன் சாரம். மதம் மாறியவர்களின் நிலை பற்றி எழுதியபோது அம்பேத்கர் இந்த மனுவை எடுத்துக்காட்டினார். 2016 டிசம்பரில், அதாவது ஒரு கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு, இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டது. 1.9 கோடி கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், சபைக்குள் தீண்டாமை இருக்கிறது, அது பாவம் என்றும் ஒப்புக்கொண்டது. மனுவுக்கும் ஒப்புதலுக்கும் இடையே கிட்டத்தட்ட 90 ஆண்டுகள்.

வெளியே இன்னொரு கணக்கு

உள்ளே எந்த இடத்தில் உட்கார்ந்தாய் என்று சபை பார்க்கிறது. உள்ளே போனாயா இல்லையா என்று அரசு பார்க்கிறது.

1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் இசுலாமியரும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். எனவே பட்டியல் சாதிச் சான்றிதழ் வைத்திருக்கிற ஒருவர் கோவிலுக்குப் போவது ஆபத்தான காரியமாகிவிட்டது.

இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் படியுங்கள். கிறிஸ்தவரை மணந்த ஒரு பெண்ணின் பணியிடச் சுவரில் சிலுவை இருந்ததை வைத்து அவருடைய சாதிச் சான்றிதழை அதிகாரிகள் ரத்து செய்தார்கள். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளியது. கணவரோடும் பிள்ளைகளோடும் ஒருவர் தேவாலயத்துக்குப் போவதால் மட்டுமே தன் மதத்தைக் கைவிட்டதாக ஆகாது என்றது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு பெண்ணின் வழக்கில் வேறு முடிவுக்கு வந்தது. குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்று, தவறாமல் தேவாலயம் போகிறவர் வேலைக்காக இந்து என்று சொல்வது அரசியலமைப்பை ஏமாற்றுவது என்றது. உண்மைகள் வேறு, அதனால் முடிவுகளும் வேறு என்று வழக்கறிஞர்கள் விளக்குவார்கள். சேரியில் இருக்கிற தாய்க்குப் புரிவது ஒன்றுதான். கிறிஸ்துமஸ் அன்று கோவிலில் எடுத்த ஒரு படம் பிள்ளையின் படிப்புக்கு வினையாகலாம்.

கோவிலுக்குள் அவரைத் தனியாக உட்கார வைக்கிறவர்களுக்கு அவருடைய சாதி நன்றாகத் தெரிகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மட்டும் அது மறைந்துவிடுகிறது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை நீக்கப் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசு 2022-இல் அமைத்த பாலகிருஷ்ணன் ஆணையத்துக்கும் கேள்வி இதுவே.

இந்த டிசம்பரில் என்ன செய்யலாம்?

ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு தலித் கிறிஸ்தவருக்குக் கிடைப்பதில்லை என்று சொல்லி நம்மவர்கள் சோர்ந்துவிடுகிறார்கள். ஆனால் 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் மூன்றாம் பிரிவு இந்து ஆலயத்துக்கு மட்டும் உரியதல்ல. தீண்டாமையின் பெயரால், அதே மதத்தைச் சேர்ந்த மற்றவர்கள் வழிபடுகிற அதே முறையில், அதே அளவுக்கு ஒருவர் வழிபடுவதைத் தடுப்பது குற்றம் என்கிறது. 'அதே முறையில், அதே அளவுக்கு' என்ற சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு முத்தி செய்யும் வரிசையையும் வாசகம் வாசிக்கும் பட்டியலையும் பாருங்கள்.

மாணவத் தோழர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டும் எடுத்துப் போங்கள். பங்குப் பேரவையில் எத்தனை பேர் நம் தெருவைச் சேர்ந்தவர்கள்? பூசை உதவிச் சிறுவர்கள், பாடகர் குழு, வாசகர்கள் யார் யார்? கேரல்ஸ் குழு எந்தத் தெருவுக்குள் வரவில்லை? தேர் எந்த முனையில் திரும்புகிறது? கல்லறைத் தோட்டத்தில் வரிசைகள் எப்படிப் பிரிகின்றன? பாட்டியிடம் கேளுங்கள்: சின்ன வயதில் சாமப் பூசைக்குப் போனபோது எங்கே உட்கார்ந்தாய், யார் உன்னை எழுப்பினார்கள், நீ எழுந்தாயா? பெயர், ஆண்டு, இடம் போட்டு எழுதி வையுங்கள். ஊரில் யாருக்கும் ஆபத்து வரும் என்றால் பெயரை மறைத்து எழுதுங்கள். 1745-இல் நம் மக்கள் கேட்டதை எழுதி வைக்க ஒரு துபாஷி தேவைப்பட்டார். இன்று நாமே எழுதலாம்.

போவதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. அயோத்திதாசர் பௌத்தத்தைத் தேர்ந்தார், வேதமாணிக்கம் சபையைத் தேர்ந்தார், இருவரும் நம்மவர்களே. வெண்மணிக்கு மாலையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவரும் விடியற்காலையில் ஆராதனைக்குப் போகிறவரும் ஒரே தோழராக இருக்கலாம். போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். கொஞ்சம் முன்னதாகப் போங்கள். முன் வரிசையில் இடம் இருக்கும்போதே உட்காருங்கள். யாராவது வந்து எழுந்திருக்கச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.